ஓரம் வெட்டாமல் வேதாகமம் பைண்டிங் செய்யும் கடை, பாளையங்கோட்டை

பழைய வேதாகமத்தை எங்கே கொடுத்து பைண்டிங் செய்தீர்கள் என்று எங்கள் சபையில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஆள் சொல்வதற்குப் பதில் எழுதிவிடுகிறேன். விலை, நாள், குறை எல்லாம் கீழே இருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகத்துக்குள் என்ன இருந்தது என்று சொல்லாமல் இந்தக் கடையை ஏன் பாராட்டுகிறேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

கடை தெற்கு பஜாரிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் கல்லூரி ரெக்கார்டு நோட்டுகளும் வக்கீல் ஆபீஸ் கட்டுகளும் அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம். நடத்துகிறவர் மேலப்பாளையத்துக்காரர், அறுபத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். குர்ஆனும் பைண்டிங் செய்கிறார், வேதாகமமும் செய்கிறார். இரண்டையும் தரையில் வைக்காமல் தனியாக ஒரு மர ஸ்டூலில் வைத்திருக்கிறார். நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

நான் கொடுத்தது என் அப்பாவின் வேதாகமம். அப்பா சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் உபதேசியாராக இருந்தவர். 1962-ல் அந்த வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கியது. 1871-ல் மிஷனரி ஹென்றி பவர் ஐயர் குழு முடித்த பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. அப்பா 1997-ல் காலமானார். அடுத்த வருஷம் அம்மா அதைத் திசையன்விளையில் யாரிடமோ கொடுத்து பைண்டிங் செய்து வாங்கினார். தாள்களைப் பக்கவாட்டில் மொத்தமாக ஊசி இறக்கித் தைத்துவிட்டார்கள். அதன்பிறகு புத்தகம் முழுதாக விரியவே இல்லை. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தால்தான் உள்பக்கத்து வரிகளை வாசிக்க முடியும். போன வருஷம் நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தினமும் அதில் வாசிக்க ஆரம்பித்தபோது முதுகு பிளந்து, ஆதியாகமமும் யாத்திராகமமும் தனியாகக் கையோடு வந்துவிட்டன.

முதலில் வேறொரு கடைக்குத்தான் போனேன். கம்ப்யூட்டர், லேமினேஷன் எல்லாம் உள்ள பெரிய கடை. முதுகை மெஷினில் அரை இஞ்ச் வெட்டி, பசை போட்டு, நாலு பக்கமும் ட்ரிம் பண்ணினால் புதுப் புத்தகம் மாதிரி ஆகிவிடும், மறுநாளே வாங்கிக்கொள்ளலாம், முந்நூறு ரூபாய் என்றார்கள். நியாயமான விலைதான். கொடுக்க மனசு வரவில்லை, ஏனென்றால் அந்த நாலு பக்க ஓரத்திலும் அப்பாவின் எழுத்து இருக்கிறது.

அந்த எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா பிரசங்கக் குறிப்பு எதையும் வேதாகமத்தில் எழுதமாட்டார். எழுதியதெல்லாம் ஜெபக் குறிப்பு. எந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தாரோ அதன் பக்கத்தில் பென்சிலால் இரண்டு வார்த்தையும் தேதியும் இருக்கும். ஆகாய் முதலாம் அதிகாரத்தில் ‘கோவில் ஓடு’ என்று இருக்கிறது. எலியா மழைக்காக ஜெபித்த இடத்தில் ‘மழை’ என்று நாலு வெவ்வேறு தேதிகள். அப்போஸ்தலர் 3-ல், அலங்கார வாசலில் சப்பாணி எழுந்து நடக்கிற இடத்தில், பனையிலிருந்து விழுந்த ஒருவரின் பெயரும் ‘இடுப்பு’ என்ற வார்த்தையும். ஜெபம் கேட்கப்பட்டால் கீழே ‘ஸ்தோ.’ என்று போட்டு அந்தத் தேதியையும் எழுதுவார். ஸ்தோத்திரம் என்பதன் சுருக்கம். நான் உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் 163 குறிப்புகள். ஸ்தோ. உள்ளவை 97. மீதி 66 குறிப்புகளுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அந்த 66-ல் ஒன்று மாற்கு 5-ல் இருக்கிறது. யவீரு வந்து காலில் விழுந்து, “என் குமாரத்தி மரண அவஸ்தைப்படுகிறாள்” என்று சொல்லும் இடம். பக்கத்தில் ‘தம்பி 3.12.1979’.

தம்பி என்பது என் தம்பி. ஏழு வயது. மூளைக்காய்ச்சல். நான் அப்போது போர்டிங்கில் தங்கிப் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஊர் முழுக்க ஜெபித்தார்கள், அம்மா மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தார். டிசம்பர் 9-ம் தேதி விடியற்காலை அவன் போய்விட்டான். ஸ்தோ. கிடையாது. பென்சில் எழுத்துதான், ரப்பரால் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை.

இப்படி ஒரு புத்தகத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்ததும் பாய் அட்டையைப் பார்க்கவில்லை. ஓரத்தைப் பார்த்தார். “டீச்சர், இது பென்சிலா இங்க்கா?” என்று கேட்டார். பென்சில், அங்கங்கே இங்க் என்றேன். “இங்க் இருக்கிற தாள்ல பசை ஈரம் பட்டா ஊறிரும். அத நான் தனியா பாத்துக்கிடுதேன். ஓரம் வெட்ட முடியாது. வெட்டாட்டா பாக்க ஒழுங்கா இருக்காது, மேலயும் கீழயும் கோணலாத்தான் நிக்கும். பரவாயில்லையா?” பரவாயில்லை என்றேன். “அப்ப சரி. எழுத்து மேல நான் கத்தி வைக்கதில்ல.” இது அவருடைய தொழில் வழக்கம். எனக்காகச் சொன்னதாகத் தோன்றவில்லை, ரெக்கார்டு நோட்டுக்கும் அதைத்தான் சொல்வார் போல.

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்களுக்கு உதவும். பழைய தையலை அறுத்து, தாள்களைப் பாரம் பாரமாகப் பிரிக்கிறார். பாரம் என்பது ஒன்றாக மடித்த தாள்களின் கட்டு. முதுகு மடிப்பில் கிழிந்த தாள்களுக்கு மெல்லிய டிஷ்யூ தாளைப் பட்டையாகக் கிழித்து ஒட்டுகிறார். கத்தரியால் வெட்டினால் அந்த நேர்கோட்டிலேயே மறுபடி ஒடியுமாம். பசை அவரே காய்ச்சுவது, மைதாவில் மயில்துத்தம் போட்டு. பூச்சி வராது. பிறகு ஒவ்வொரு பாரத்தையும் மடிப்பின் நடுவில் நூல் விட்டுத் தைத்து ஒன்றோடு ஒன்று பிணைக்கிறார். பசையை மட்டும் நம்பும் பைண்டிங் வேதாகமத்துக்கு ஆகாது, தினமும் விரிக்கிற புத்தகத்துக்குத் தையல்தான் என்கிறார். நான் ஒட்டிவைத்திருந்த செலோ டேப்பையெல்லாம் பொறுமையாக எடுத்தார். டேப் இருந்த இடம் பழுப்பாகத்தான் இருக்கிறது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. தயவுசெய்து யாரும் வேதாகமத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள்.

பத்து நாளில் தருவதாகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. “டீச்சர், வேலை நிக்கிது. ஒரு எடத்துல உள் ஓரத்துல தேதியா எழுதிருக்கு. கிழிசலுக்குப் பட்டை ஒட்டுனா அது மறைஞ்சிரும். நீங்க வந்து பாத்துட்டுச் சொல்லுங்க.”

போனேன். தாள்கள் பறக்காமலிருக்க ஃபேனை நிறுத்திவிட்டு அந்தப் பாரத்தை விரித்துக் காட்டினார். சங்கீதம் 88. இரண்டு பக்கமும் சேர்கிற மடிப்பை ஒட்டி, மேலிருந்து கீழாகத் தேதிகள். 9.12.80. 9.12.81. 9.12.82. இப்படியே 9.12.96 வரை. பதினேழு தேதிகள். ஒரு வார்த்தைகூட இல்லை. அம்மா கொடுத்துச் செய்த அந்தப் பக்கவாட்டுக் குத்துத் தையலில் அந்த ஓரம் உள்ளே மாட்டிக்கொண்டு இத்தனை வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. அந்தப் பெரிய கடையில் அரை இஞ்ச் முதுகை வெட்டியிருந்தால் குப்பைக் கூடைக்குப் போயிருக்கும்.

சங்கீதம் 88 தெரியாதவர்களுக்கு: நூற்றைம்பது சங்கீதங்களிலும் இப்படி முடிகிற இன்னொன்றை நான் வாசித்ததில்லை. மற்ற புலம்பல் சங்கீதங்கள் அழுது தொடங்கினாலும் எங்கேயாவது ஒரு இடத்தில் நம்பிக்கைக்குத் திரும்பும். சங்கீதம் 22 கூட, “ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று ஆரம்பித்து, துதியில்தான் போய் முடிகிறது. 88 திரும்புவதில்லை. “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்று தொடங்குகிற முதல் வசனத்தில் மட்டும் வெளிச்சம். பிறகு “ஏன் உமது முகத்தை எனக்கு மறைக்கிறீர்?” என்று கேட்டு, பதில் வராமலே, அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று நின்றுவிடுகிறது. அப்பா இந்தச் சங்கீதத்தை வைத்துப் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. ஆறுதல் வசனங்கள் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையில் இதிலிருந்து ஒரு வசனம் வந்து யாரும் எடுத்துப் பார்த்திருக்கவும் முடியாது.

என் மனதில் நாற்பத்தைந்து வருஷமாக இருந்த ஒன்றை இங்கே எழுதுகிறேன். தம்பியை அடக்கம் பண்ணிய அன்று அப்பா அழவில்லை. கீர்த்தனையைத் தொடங்கிக் கொடுத்ததே அவர்தான். அடுத்த ஞாயிறு ஆராதனை நடத்தினார். எனக்கு அவர்மேல் கோபம். இவருக்கு மனசு கல்லா, பிள்ளை போனதுகூடத் தெரியவில்லையா என்று நினைத்தேன். அவரிடம் கேட்டதில்லை. மணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகும் டிசம்பர் 9 அன்று அவருக்குப் போன் செய்ததில்லை. அந்தப் பதினேழு வருஷமும் அவர் அந்த நாளில் தனியாக உட்கார்ந்து இந்தப் பக்கத்தைத்தான் விரித்திருக்கிறார். கேட்ட ஜெபம் கிடைக்காததை மறக்கவில்லை. கிடைத்தது மாதிரி நடிக்கவும் இல்லை. கேட்பதை நிறுத்தவும் இல்லை.

பாய் என்னைப் பார்த்தார். “புள்ளையா டீச்சர்?” என்று மட்டும் கேட்டார். தம்பி என்றேன். டீ வாங்கிவரச் சொல்லிப் பையனை அனுப்பினார். பிறகு, பட்டையை முன்பக்கத்தில் ஒட்டாமல் தாளின் பின்பக்கமாக ஒட்டி, அந்த ஒரு பாரத்துக்குத் தையல் துளையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் தேதி முழுக்கத் தெரியும், ஆனால் வேலை இன்னும் ஒரு வாரம் இழுக்கும் என்றார். இழுக்கட்டும் என்றேன்.

தம்பி இறந்த அடுத்த மாதம் ஊருக்கு வந்த ஒரு பிரசங்கியார் அம்மாவிடம், விசுவாசக் குறைவுதான் காரணம், வீட்டில் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது என்று சொன்னார். மூன்று நாள் பட்டினி கிடந்த தாயிடம். அம்மா சாகும்வரை தன்னைத்தானே துருவிக்கொண்டிருந்தார். பாவம் தடையாக நிற்கும் என்று ஏசாயா 59 சொல்கிறது, தகாதவிதமாய் விண்ணப்பம் பண்ணுகிறதால் கிடைக்கவில்லை என்று யாக்கோபு 4 சொல்கிறது. வேதத்தில் இருப்பதை நான் மறுக்கவில்லை. அவரவர் தன் நெஞ்சைப் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டிய வசனங்கள் அவை. அடுத்தவர் வீட்டுச் சாவில் போய் வாசிப்பதற்கு எழுதப்பட்டவை அல்ல. அப்பாவின் வேதாகமத்தில் அந்த இரண்டு இடத்திலும் ஓரம் வெறுமையாக இருக்கிறது. தேடிப் பார்த்தேன்.

அவர் குறித்திருந்தது வேறு இடங்களை. உபாகமம் 3-ல் மோசே, யோர்தானைக் கடந்து அந்த நல்ல தேசத்தைப் பார்க்கவேண்டும் என்று கெஞ்சுகிறார். “போதும், இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம்” என்று பதில் வருகிறது. கோடு போட்டிருக்கிறார். 2 சாமுவேல் 12-ல் தாவீது ஏழு நாள் தரையில் கிடந்து குழந்தைக்காக மன்றாடுகிறான், குழந்தை செத்துப்போகிறது. “நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை” என்ற வரியின் கீழே பென்சில் இல்லை, இங்க். அழுத்திப் போட்டதில் அடுத்த தாள்வரை பதிந்திருக்கிறது. 2 கொரிந்தியர் 12-ல் பவுல் தன் மாம்சத்தில் குத்திய முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டதில் ‘மூன்றுதரம்’ என்பதைச் சுற்றி ஒரு வட்டம். “என் கிருபை உனக்குப்போதும்” என்பதைத்தான் எல்லோரும் கோடிடுவார்கள். அப்பா வட்டமிட்டது கேட்ட எண்ணிக்கையை.

எபிரெயர் 5:7 தான் என்னை அதிகம் நிறுத்தியது. இயேசு தம்மை மரணத்திலிருந்து இரட்சிக்க வல்லவரை நோக்கி, பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம்பண்ணி, ‘கேட்கப்பட்டு’ என்று அந்த வசனம் சொல்கிறது. கெத்செமனேயில் நீங்கும்படி அவர் கேட்ட துன்பப் பாத்திரம் நீங்கவில்லை. சிலுவை தப்பவில்லை. ஆனாலும் கேட்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறது. அப்பா அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார். நாம் வேண்டுவதற்கும் நம் மொழியில் கேட்பது என்றுதான் சொல்கிறோம், தேவன் காதில் வாங்குவதற்கும் கேட்பது என்றுதான் சொல்கிறோம். கொடுப்பதற்கு அது சொல் இல்லை. இந்த வித்தியாசத்தை யாராவது அம்மாவுக்குச் சொல்லியிருந்தால்!

அப்பா எங்களுக்கு ஓய்வுநாள் பள்ளியில் சொல்லும் கதை ஒன்று உண்டு. டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா சின்னப் பிள்ளையாக அயர்லாந்தில் இருந்தபோது, தன் பழுப்புக் கண்ணை நீலமாக்கும்படி இரவில் ஜெபித்துவிட்டுத் தூங்கி, காலையில் கண்ணாடி பார்த்து ஏமாந்த கதை. பிறகு நம் ஊரில் சேலை கட்டிப் பிள்ளைகளை மீட்கப் போனபோது அந்தப் பழுப்புக் கண்தான் உதவியது என்று முடியும். நல்ல கதை, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அதே அம்மா 1931-ல் குழியில் விழுந்து காலொடிந்து, 1951-ல் காலமாகும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் டோனாவூரில் தன் அறையை விட்டு அதிகம் வெளியே வரமுடியாமல் கிடந்தார். சுகத்துக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! அந்தப் பாதியை யாரும் ஓய்வுநாள் பள்ளியில் சொல்வதில்லை. சாட்சி நேரத்திலும் அப்படித்தான். விசா கிடைத்தது, கட்டி கரைந்தது என்று எழுந்து சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். கிடைக்காதவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

அந்த 66-ம் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1971-ல் ஒரு உறவினர் குடியை விடவேண்டும் என்று எழுதியிருக்கிறார். அவர் விட்டது 2003-ல், அப்பா போய் ஆறு வருஷம் கழித்து. அந்த இடத்தில் ஸ்தோ. எழுத நான் பென்சிலை எடுத்தேன், எழுதவில்லை. அது அப்பாவின் கை இருக்கும் இடம். என் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் மாற்கு 5-க்கு அப்படி ஒரு தேதி இந்தப் பூமியில் வரப்போவதில்லை. அதையும் இதையும் ஒன்றாக்கி, எல்லாம் நன்மைக்கே என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் நான் கேட்டுக்கொள்ளமாட்டேன்.

சரி, கடைக்கு வருகிறேன். மொத்தம் இருபத்தாறு நாள் ஆனது. எழுநூற்றைம்பது ரூபாய், அட்டையில் பொன் எழுத்து அச்சுக்கு நூறு தனி. கறுப்பு ரெக்சின், முதுகில் காலிகோ துணி. புத்தகம் இப்போது மேசையில் கை வைக்காமலே விரிந்து கிடக்கிறது. சங்கீதம் 88-ல் பதினேழு தேதியும் முழுசாகத் தெரிகிறது. அந்தப் பாரம் மட்டும் மற்றதைவிட ஒரு நூலளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மூடிவைத்தாலும் விரல் வைத்தால் இடம் தெரியும். சொல்லித்தான் செய்தார், எனக்குச் சம்மதம்.

குறைகள்: ரிப்பன் கட்டையாக இருக்கிறது, கீழே இரண்டு விரல் நீளமாவது தொங்கவேண்டும். முன்கூட்டியே சொல்லி வாங்குங்கள். பொன் எழுத்து அவ்வளவு தெளிவில்லை, அந்த நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கலாம். ஆதியாகமத்தின் முதல் சில பக்கங்களும் வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசியும் அட்டையோடு இறுக்கமாக இருக்கின்றன, பழகப் பழக இளகும் என்கிறார், இதுவரை இளகவில்லை. சொன்ன நாளில் கிடைக்காது. கல்யாணம், ஞானஸ்நானம் என்று தேதி குறித்து வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

காலை பத்தரைக்குத் திறக்கிறார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போவார், மூன்று மணிக்கு மேல் போங்கள். ரொக்கம் மட்டும். கொடுப்பதற்கு முன் எழுத்து உள்ள பக்கங்களை ஒரு பிள்ளையை வைத்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பென்சில் எழுத்து எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதியும் கொடுங்கள். அவர் அதை வாசித்துப் பார்க்கிறார்.

அம்மாவின் ஞானப்பாட்டுப் புத்தகத்தை இப்போது கொடுத்திருக்கிறேன். பத்து நாள் என்றார். நான்கு வாரம் கழித்துப் போவேன்.